ஸ்காட்லாந்தில் மது விலையை ஏற்றிய பிறகு சாவு கூடியதா, குறைந்ததா?

கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 9.40

சென்ற வாரம் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் தொடங்கிய வாக்குவாதம் இது. மைத்துனர் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஸ்காட்லாந்தில் 2018இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அந்த ஆண்டு மதுவால் செத்தவர்கள் 1,136 பேர். 2023இல் 1,277 பேர். விலையை ஏற்றினால் குடி குறையும் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள்." அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அவர் வென்றதாக ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் காட்டிய எண்கள் சரியானவைதாம். ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை.

முதலில், அங்கே செய்தது வரி உயர்வு அல்ல. ஒரு பாட்டிலுக்குள் எவ்வளவு சுத்த ஆல்கஹால் இருக்கிறதோ அதைப் பொறுத்து, இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று தரை போட்டார்கள். 10 மில்லி லிட்டர் சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட். யூனிட்டுக்கு 50 பென்ஸ், அதாவது அரை பவுண்டு. சட்டம் 2012இலேயே நிறைவேறிவிட்டது. ஸ்காட்ச் விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குப் போட்டது; எடின்பரோ, லக்சம்பர்க், லண்டன் என்று வழக்கு ஊர் ஊராகச் சுற்றி, 2017 நவம்பரில்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2018 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

40 சதவீத விஸ்கி 700 மி.லி. பாட்டிலில் 28 யூனிட். அதாவது 14 பவுண்டுக்குக் கீழே விற்க முடியாது. நல்ல விஸ்கி எப்போதுமே அதற்கு மேல்தான் என்பதால் அதைக் குடிப்பவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மதுக்கூடத்தில் உட்கார்ந்து குடிப்பவருக்கும் அப்படியே. அடி விழுந்தது வெள்ளை சைடருக்கு. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து 3 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கும் மலிவு மது, 7.5 சதவீதம், 22.5 யூனிட். நான்கு பவுண்டு அளவில் கிடைத்துக்கொண்டிருந்தது ஒரே நாளில் 11 பவுண்டு 25 பென்ஸ் ஆனது.

இப்போது மைத்துனருக்கு என் பதில். பிரிட்டன் முழுவதையும் எடுத்தால் 2018இல் 7,551 சாவு, 2023இல் 10,473. ஏறக்குறைய 39 சதவீதம் கூடியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் கூடியது 12 சதவீதம். கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து குடித்தவர்கள் எல்லா ஊரிலும் பெருகினார்கள். புயலில் பக்கத்து வீட்டுக் கூரையே பறந்துபோய், நம் வீட்டில் நான்கு ஓடு மட்டும் விழுந்தால், நம் கூரை மோசம் என்றா சொல்வோம்?

தென்பெண்ணை | வெள்ளி இரவு 10.15

ஐயா, ஓட்டு உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வீடும் ஒரே கொத்தனார் கட்டியவையா என்பதல்லவா கேள்வி? ஸ்காட்லாந்தில் மதுச்சாவு உச்சத்தில் இருந்தது 2006இல், 1,417 பேர். அதன் பிறகு சில ஆண்டுகள், எந்த விலைச் சட்டமும் இல்லாமலே, குறைந்துகொண்டு வந்தது. அந்த ஊரின் ஏற்ற இறக்கம் தனி. பிரிட்டனை அளவுகோலாக வைத்து "இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும்" என்று சொல்வதானால், எந்தத் திட்டத்தையும் வெற்றி என்று சொல்லிவிடலாம். நம் ஊர் அமைச்சர்களுக்கு இந்த உத்தி தெரியாமல் போனதே என்று வருந்துகிறேன்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 10.50

நியாயமான கேள்வி. அதனால்தான் வெறும் இரண்டு ஆண்டுகளை எடுத்து ஒப்பிடாமல், சட்டத்துக்கு முந்தைய பல ஆண்டுப் போக்கையும் இங்கிலாந்தின் போக்கையும் சேர்த்து மாதவாரியாகக் கணித்தார்கள். 2023 மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. 2018 மே முதல் 2020 டிசம்பர் வரை 32 மாதங்கள். முழுக்க மதுவால் மட்டுமே நேரும் சாவுகள், எதிர்பார்த்ததைவிட 13.4 சதவீதம் குறைவு. ஆண்டுக்கு 156 உயிர். பிழை எல்லையைச் சேர்த்துப் பார்த்தாலும் 8 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் இடையில் வருகிறது.

மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை 4.1 சதவீதம் குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் அதன் பிழை எல்லைக்குள் பூஜ்ஜியமும் வருகிறது. எனவே அந்த எண்ணை நான் மைத்துனரிடம் சொல்ல மாட்டேன். அவர் விடமாட்டார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. சாவு அதிகம் குறைந்தது மிக வறிய பகுதிகளில், அதுவும் ஆண்களிடத்தில். விலை ஏற்றினால் ஏழை வயிற்றில் அடிப்பதாகும் என்று நாம் சொல்கிறோமே, அந்த ஏழையின் ஈரல்தான் அதிகம் பிழைத்திருக்கிறது.

கிளைட்கரையாள் | சனி காலை 6.20

இரவுப் பணி முடிந்து வந்து இதைப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளாக கிளாஸ்கோவில் செவிலியாக இருக்கிறேன், அதில் பெரும்பகுதி ஈரல் நோய் வார்டில்.

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன எண் சரி. ஆனால் அந்த 156 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. பிழைத்தவர் எங்கள் வார்டுக்கு வருவதில்லையே. நான் பார்ப்பது பிழைக்காதவர்களை. விலை ஏறியபோது வெள்ளை சைடர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வோட்காவுக்குப் போனார்கள். முன்பு சைடர் வோட்காவைவிட மலிவு. தரை விலை வந்தபின் யூனிட்டுக்கு இரண்டும் ஒரே காசு, பிறகு எதற்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். வேறொருவர் குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் குடித்தார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவருக்கு 50 பென்ஸும் பிறகு ஏற்றிய 65 பென்ஸும் ஒன்றுதான். அரசின் பொதுச் சுகாதாரத் துறை 2023 ஜூனில் வெளியிட்ட இறுதி மதிப்பீடும் இதை மறைக்கவில்லை: மதுவுக்கு அடிமையானவர்களிடம் குடி குறைந்ததற்குத் தெளிவான சான்று இல்லை.

அப்படியானால் யார் பிழைத்தார்கள்? என் ஊகம்: தினமும் குடித்தும், வேலைக்கும் போய்க்கொண்டு, இன்னும் நடுக்கம் தொடங்காதவர்கள். ஈரல் ஓரளவு வரை பொறுக்கும். வாரத்துக்கு 60 யூனிட் குடித்தவர் 45க்கு இறங்கினால், அந்தக் கடைசிப் படியில் கால் வைக்காமல் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

2024 செப்டம்பர் 30 முதல் யூனிட்டுக்கு 65 பென்ஸ் ஆக்கிவிட்டார்கள். பணவீக்கத்தில் 50 பென்ஸ் கரைந்துபோயிருந்தது. அந்த ஆண்டின் சாவுக் கணக்கு 1,185. முந்தைய ஆண்டைவிட 92 குறைவு. உங்கள் மைத்துனர் முறைப்படி பார்த்தால் இதையும் ஒரே ஆண்டில் வெற்றி என்று சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். புது விலை இருந்ததே மூன்று மாதம்தான்.

வெட்டிக்கல் | சனி காலை 8.05

பூரண மதுவிலக்கு ஒன்றே தீர்வு. மற்றதெல்லாம் பம்மாத்து.

நெறியாளர் | சனி காலை 8.30

மதுவிலக்குக்குத் தனி இழை 43 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே விலையைப் பற்றி மட்டும்.

வன்னியான் | சனி முற்பகல் 11.00

விலை என்று வந்தால் எங்கள் கதையையும் கேளுங்கள். இலங்கையில் பொருளாதாரம் கவிழ்ந்தபின் மதுவரியை அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஒரு போத்தல் சாராயம் மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. கூலி வேலை செய்கிறவன் என்ன செய்வான்? சிலர் தவறணைக்கு, அதுதான் கள்ளுக்கடைக்கு, போய்க் கள் குடித்தார்கள். அது பரவாயில்லை, கூட்டுறவுச் சங்கத்துக் கள். மற்றவர்கள் கசிப்புக்கு, அதாவது கள்ளச்சாராயத்துக்கு, போனார்கள். சீனியும் ஈஸ்டும் ஒரு பரலும் இருந்தால் காட்டுக்குள் காய்ச்சலாம். அரசாங்கக் கணக்கில் சாராய விற்பனை குறைந்துவிட்டது என்று எழுதுவார்கள். குளத்தங்கரையில் விழுந்து கிடப்பவனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஸ்காட்லாந்தில் கசிப்பு இல்லை. அதனால் அங்கே விலை வேலை செய்தது. அவ்வளவுதான்.

தென்பெண்ணை | சனி முற்பகல் 11.40

வன்னியான் சொன்னதையே நான் வேறு விதமாகச் சொல்ல வந்தேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். கடையில் குவார்ட்டர் 140 ரூபாய் விற்ற காலம். பாக்கெட் சாராயம் அதில் பாதிக்கும் குறைவு. காலையில் வேலைக்குப் போகும்முன் குடிக்கிற சுமைதூக்குபவனுக்கு அந்த வித்தியாசம்தான் கணக்கு.

ஆந்திரத்தையும் பாருங்கள். 2019இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, எண்ணிக்கையைக் குறைத்தது. 2020 மே மாதம் இரண்டே நாளில் 25, பிறகு 50 என்று மொத்தம் 75 சதவீதம் விலையை ஏற்றியது. குடியை ஒழிக்கத்தான் என்றார்கள். தெலங்கானாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பாட்டில்கள் எல்லை தாண்டின. 2024 அக்டோபரில் புது அரசு கடைகளைத் தனியாரிடம் கொடுத்து, 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் என்று அறிவித்தது. ஐந்தாண்டுச் சோதனை 99 ரூபாயில் முடிந்தது.

கணக்குப்பிள்ளை | சனி மாலை 4.10

இரண்டு பேரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. விலை ஏறினால் குடி குறையுமா என்று மட்டுமே கேட்கிறோம். இறங்கினால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். அதற்கு ஒரு ஊர் இருக்கிறது. 2004இல் எஸ்டோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இருந்தது. கப்பலேறிப் போய் மலிவு மது வாங்கிவருவார்கள் என்று பயந்து பின்லாந்து தன் மதுவரியை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அந்த ஆண்டு, உடலில் மது இருந்த நிலையில் திடீரென்று இறந்தவர்கள் 17 சதவீதம் கூடினார்கள். வாரத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். பின்லாந்தில் யாரும் புதிதாகக் குடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பெரிதாக மாறியது விலை.

ஆகவே விலைக்குப் பலம் உண்டு. அந்தப் பலம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பது, அருகில் அதைவிட மலிவாக என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இனி நம் ஊர்க் கணக்கு. இது நானே போட்டது, தப்பு இருந்தால் திருத்துங்கள். ஒரு குவார்ட்டர் 180 மி.லி., 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மி.லி., அதாவது 7.7 யூனிட். இதே அளவை ஸ்காட்லாந்தின் இன்றைய தரை விலைக்கு விற்றால் 5 பவுண்டு. அங்கே 2025 ஏப்ரலில் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். அரை மணி நேரத்துக்கும் குறைந்த உழைப்பில் ஒரு குவார்ட்டர். இங்கே 2024 பிப்ரவரியில் ஏற்றியபின் மலிவு ரகம் 140 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025–26இல் நாள் கூலி 336 ரூபாய். ஒரு நாள் கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு!

உழைப்பால் அளந்தால் நம் குடிகாரர் ஸ்காட்லாந்துக்காரரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்துக் குடிக்கிறார். இந்தக் கணக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். குறைந்தபட்ச விலை வேண்டும் என்று வாதாடத்தான் உட்கார்ந்தேன்.

மாடித்தோட்டம் | சனி இரவு 7.25

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் அந்த ஐந்தில் இரண்டு பங்கு எங்கள் வீட்டுக் கணக்கு.

அப்பாவுக்குத் தினமும் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை இரண்டு. ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் அம்மா எதையாவது குறைப்பார். ஒருமுறை பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டர் ஆனது. இன்னொரு முறை என் தங்கையின் டியூஷன் நின்றது. அப்பாவின் குவார்ட்டர் மட்டும் குவார்ட்டராகவே இருந்தது. ஆய்வாளர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் குடி மாறவில்லை, செலவு மட்டும் கூடியது என்று எழுதியிருப்பார்கள். சரிதான். ஆனால் செலவு கூடியது யாருக்கு என்பதற்கு ஒரு கட்டம் வைத்திருப்பார்களா?

51 வயதில் போனார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசி இரண்டு மாதம் பேச்சு குழறியது. மருத்துவமனையில் கொடுத்த சான்றிதழில் இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தது. யாருக்குத்தான் நிற்காமல் போகிறது? காப்பீட்டுக்கு வசதி, குடும்பத்துக்கு மரியாதை என்று நினைத்து எழுதினார்களோ என்னவோ. நாங்களும் மறுத்துப் பேசவில்லை. அப்பா எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

கணக்குப்பிள்ளை | சனி இரவு 8.50

அம்மா, உங்கள் கடைசி வரியைப் பல முறை படித்தேன்.

ஸ்காட்லாந்தில் 156 உயிர் என்று சொல்ல முடிந்தது, ஒவ்வொரு சாவுக்கும் காரணம் எழுதிவைக்கிறார்கள் என்பதால். இந்தியாவில் 2020இல் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதியவை 22.5 சதவீதம் மட்டுமே. அந்த ஐந்தில் ஒன்றிலும் உங்கள் அப்பாவின் சான்றிதழ் போன்றவை எத்தனையோ. சாலை விபத்து அறிக்கையில் குடித்துவிட்டு ஓட்டியதால் நேர்ந்தவை இரண்டு சதவீத அளவில்தான் வருகின்றன. நெடுஞ்சாலையில் ஒரு சனிக்கிழமை இரவு பயணம் செய்தவர் எவரும் அதை நம்ப மாட்டார்.

நம்மிடம் துல்லியமாக இருப்பது ஒரே கணக்கு. டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரி 2023–24இல் 45,855 கோடி, 2024–25இல் 48,344 கோடி. அதை வைத்துக் குடி பெருகிவிட்டது என்று தலைப்பு போடுகிறார்கள். விலையை ஏற்றினால் லிட்டர் குறைந்தும் ரூபாய் கூடலாமே! நாம் ரூபாயை எண்ணுகிறோம். லிட்டரை எண்ணுவதில்லை, ஈரலை எண்ணுவதே இல்லை. இந்த நிலையில் இங்கே விலைக்கொள்கை வென்றது, தோற்றது என்று எவர் சொன்னாலும், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்பேன். என்னையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் ஏறிய விலையின் லாபம் கடைக்காரருக்குப் போனது, அது அங்கே பெரிய குறையாகப் பேசப்படுகிறது. இங்கே கடைக்காரரே அரசு. விலையை நிர்ணயிப்பவரும், விற்பவரும், வரி வாங்குபவரும், நோயாளிக்குப் படுக்கை கொடுப்பவரும் ஒருவரே.

இலைபோட்டகை | சனி இரவு 10.30

நான்தான் அந்த மைத்துனர். என்னைப் பற்றி இவ்வளவு பேர் பேசுவது இன்றுதான் தெரிந்தது.

பிரிட்டன் முழுவதற்குமான எண்ணை நான் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்து வெற்றி என்று தொடங்கினார், நம் ஊருக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். கல்யாண வீட்டில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே? விலையால் ஆகாது என்றேன்.

கணக்குப்பிள்ளை | சனி இரவு 10.55

மாப்பிள்ளை, விலையால் ஆகாது என்பதும், விலை ஏற்கனவே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்பதும் வேறு வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர் 19 சதவீதம். ஐந்தில் நால்வர் குடிப்பதில்லை. அதில் விலைக்கும் பங்கு இருக்கலாம். 99 ரூபாய்க்குக் கொடுத்துப் பார்த்தால் தெரியும், பின்லாந்தைப் போல. அதனால் விலையை இறக்கச் சொல்லாதீர்கள். ஏற்றுவதாலேயே சேவை செய்ததாக அரசு சொல்லிக்கொள்ளவும் விடாதீர்கள்.

பெயரிலி27 | ஞாயிறு காலை 5.50

மன்னிக்கவும், இழைக்குத் தொடர்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. கிளாஸ்கோ அக்காவிடம் ஒரு கேள்வி. என் அண்ணன் நேற்று இதையெல்லாம் நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டுவிட்டு, நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன் என்கிறார். ஒன்பது ஆண்டாகத் தினமும் குடிப்பவர். காலையில் கை நடுங்கும். அப்படியே நிறுத்தலாமா?

கிளைட்கரையாள் | ஞாயிறு காலை 7.10

தம்பி, ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். காலை நடுக்கம் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். 2020 முடக்கத்தில் கடைகளை மூடியபோது கேரளத்தில் இது பெரிய பிரச்சினையானது. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு ஆணை போட்டு, உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது நினைவிருக்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அங்கே சேர்த்துவிடுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

பெயரிலி27 | ஞாயிறு காலை 7.35

திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன் அக்கா. இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அதுவரை அவர் வழக்கமாகக் குடிப்பதைக் குடிக்கட்டுமா?

கிளைட்கரையாள் | ஞாயிறு காலை 7.40

14416க்கு இப்போதே பேசி அவர்களிடமும் கேளுங்கள். அதுவரை முழுதாக நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சோறு சாப்பிட வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். தனியாக விடாதீர்கள். வலிப்பு வந்தாலோ குழப்பமாகப் பேசினாலோ திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.